அடித்தால் அடித்த மாதிரி

சென்ற ஆண்டு தீபாவளியின்போது விருதுநகரில் தங்கை வீட்டில் இருந்தேன். எட்டாம் வகுப்புப் படிக்கும் மருமகன் தன் அம்மாவின் கைபேசியில் ஒரு துப்பாக்கி விளையாட்டை இறக்கிப் பத்து நிமிடம் ஆடினான். பிறகு அதை அழித்துவிட்டான். ஏன் என்று கேட்டேன்.

"நல்லால்ல மாமா. அடிச்சா அடிச்ச மாதிரியே இல்ல."

"படமெல்லாம் அழகாத்தான இருக்கு?"

"படம் இருக்கு. அமுக்கினா லேட்டா சுடுது. சுட்டாலும் அவன் மேல பட்ட மாதிரி தெரியல."

அதைச் சொல்லிவிட்டு அவன் வேறு விளையாட்டுக்குப் போய்விட்டான். எனக்கோ அந்தச் சொல் மனதில் தங்கிவிட்டது. 'அடித்தால் அடித்த மாதிரி இருக்க வேண்டும்' என்பதைப் பற்றி உலகெங்கும் நிரலாளர்களும் வடிவமைப்பாளர்களும் ஐம்பது ஆண்டுகளாக யோசித்து வருகிறார்கள். அதைப் பற்றிப் புத்தகங்கள் வந்திருக்கின்றன. ஆனால் அந்தப் பையனின் அளவுகோல் கைபேசியிலிருந்து வந்ததல்ல என்றே எனக்குத் தோன்றியது. அது அவன் ஊரின் அளவுகோல். அன்று காலையில் அவன் கையில் இருந்தது ஒரு தகரத் துப்பாக்கியும் சுருள் கேப்பும்.

சுருள் கேப்பை அறியாதவர்கள் நம்மில் குறைவு. சிவப்புக் காகிதச் சுருளில் வரிசையாகச் சிறு பொட்டுகள். ஒவ்வொரு பொட்டிலும் கடுகளவு மருந்து. விசையை இழுத்தால் மேலிருக்கும் சுத்தி பொட்டின் மீது விழும். 'டப்' என்ற ஓசை, ஒரு கீற்றுப் புகை, கந்தக வாடை. துப்பாக்கி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் பொட்டு வெடியைக் கல்லால் குத்துவார்கள். போல்ட்டுக்கும் நட்டுக்கும் நடுவே வைத்துத் திருகித் தரையில் எறிவார்கள். எந்த வழியானாலும் கிடைக்கும் இன்பம் ஒன்றுதான். விரல் செய்த வேலை சிறியது, உலகம் தந்த பதில் பெரியது, இரண்டுக்கும் இடையே இடைவெளி இல்லை. சுருள் நமத்துப்போயிருந்தால் வெறும் 'டிக்' என்ற தகரச் சத்தம் மட்டும் வரும். அந்த ஏமாற்றத்தைத்தான் மருமகன் கைபேசியில் உணர்ந்திருக்கிறான்.

இதற்குப் பின்னால் புலனறிவு சார்ந்த ஓர் உண்மை இருக்கிறது. ஆல்பர்ட் மிஷோட் என்ற பெல்ஜிய உளவியலாளர் காரண காரியத்தை நாம் எப்படிக் காண்கிறோம் என்பதை ஆராய்ந்து 1946இல் ஒரு நூல் வெளியிட்டார். ஒரு சிறு சதுரம் நகர்ந்து வந்து மற்றொன்றைத் தொடுகிறது. தொட்டவுடன் இரண்டாவது சதுரம் நகர்கிறது. உண்மையில் அவை வெறும் உருவங்களே, ஒன்றை ஒன்று தள்ளவில்லை. ஆனாலும் பார்ப்பவர்கள் 'முதலாவது இரண்டாவதைத் தள்ளியது' என்றே சொன்னார்கள். தொடுவதற்கும் நகர்வதற்கும் இடையே ஏறக்குறைய பத்தில் ஒரு நொடி தாமதம் சேர்ந்ததும் இந்த உணர்வு தளரத் தொடங்கியது. தாமதம் இன்னும் சற்று நீண்டதும் முற்றிலும் அறுந்துபோனது. 'இது என்னால் நடந்தது' என்ற உணர்வு அவ்வளவு மெல்லிய இழையில் தொங்குகிறது. ஒரு நொடிக்கு அறுபது முறை திரையைப் புதுப்பிக்கும் விளையாட்டில் ஆறு சட்டகம் தாமதித்தால் பத்தில் ஒரு நொடி போய்விடும். மருமகன் 'லேட்டா சுடுது' என்றது இதைத்தான்.

ஸ்டீவ் ஸ்விங்க் என்ற வடிவமைப்பாளர் 2008இல் விளையாட்டின் 'தொட்டுணர்வு' பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். கைக்கும் திரைக்கும் இடையிலான அந்த ஓயாத உரையாடலை ஆராய்ந்த நூல் அது. அதன் வரலாற்றைத் தேடிப் போகிறவர்கள் அமெரிக்கா, ஜப்பான் என்று போவார்கள். நான் இந்தக் கட்டுரையில் சிவகாசியில் தொடங்க விரும்புகிறேன். கைக்குப் பதில் சொல்லும் பொருட்களைச் செய்து விற்பதையே பிழைப்பாகக் கொண்ட ஊர் அது.

*

சிவகாசியின் தொழில் வரலாறு பலமுறை சொல்லப்பட்டதுதான். மழை பொய்க்கும் கரிசல் பூமி. 1922 வாக்கில் பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பினார்கள். வேளாண்மைக்கு எதிரியான வறண்ட வெயில், குச்சியையும் மருந்தையும் உலர்த்துவதற்குத் தோழனாயிற்று. 1934இல் ஆங்கில அரசு தீப்பெட்டிக்குக் கலால் வரி விதித்தது. தீப்பெட்டியிலிருந்து வண்ண மத்தாப்பு, அதிலிருந்து பட்டாசு என்று தொழில் கிளை பிரிந்தது. 1940இல் வெடிபொருள் விதிகள் வந்து உரிம முறை ஒழுங்குபட்டது. இரண்டாம் உலகப் போரினால் வெளிநாட்டுச் சரக்கு வரத்து தடைப்பட, உள்ளூர் ஆலைகளுக்குச் சந்தை திறந்தது. ஸ்டாண்டர்டு ஃபயர்வொர்க்ஸ் 1942இல் தொடங்கப்பட்டது. இன்று நாட்டின் பட்டாசு உற்பத்தியில் சுமார் 90 விழுக்காடு இந்த வட்டாரத்தினுடையது என்று மதிப்பிடப்படுகிறது.

ஆனால் இந்த வரலாற்றை முதலீடு, சாதி, சந்தை ஆகியவற்றின் வரலாறாகவே படித்துவருகிறோம். அந்தப் பொருட்கள் கையோடு என்ன பேசின என்ற கோணத்தில் பார்ப்பதில்லை. முதல் சரக்கான தீக்குச்சியையே எடுத்துக்கொள்வோம். பழைய தீக்குச்சிகள் எதில் உரசினாலும் பற்றின. பையிலும் பற்றின, எலி கடித்தாலும் பற்றின. 1844இல் ஸ்வீடனைச் சேர்ந்த குஸ்தாஃப் எரிக் பாஷ் இதற்கு ஒரு வழி கண்டார். பற்றவைக்கும் பாஸ்பரஸைக் குச்சியிலிருந்து எடுத்துப் பெட்டியின் பக்கவாட்டில் பூசினார். அடுத்த பத்தாண்டில் லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் அதைப் பெருந்தொழிலாக்கினார்கள். குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட், பெட்டியின் பக்கத்தில் சிவப்பு பாஸ்பரஸ். இரண்டும் தனித்தனியே சாது. மனிதக் கை வேண்டுமென்றே ஒன்றை மற்றொன்றின் மீது இழுத்தால்தான் நெருப்பு. தற்செயலான தொடுதலையும் மனதாரச் செய்த செயலையும் அந்தச் சிறு பெட்டி பிரித்தறிந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்; பின்னால் இதற்குத் திரும்புவோம்.

பட்டாசுக் கட்டில் உள்ள ஒவ்வொன்றும் கைக்கு ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்லும். கம்பி மத்தாப்பில் கையின் ஒவ்வொரு அசைவும் ஒளிக்கோடாகிறது. காற்றில் பெயர் எழுதலாம். சாட்டையைச் சுழற்றச் சுழற்றப் பொறி வட்டமிடும். வெடிக்குத் திரி உண்டு. திரி என்பது வேண்டுமென்றே செய்த தாமதம். பற்றவைத்தவன் ஓடிப்போய் நின்று திரும்பிப் பார்க்கப் போதுமான நேரம் அதில் அளந்து வைக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சில நொடிகளில் காதைப் பொத்திக்கொண்டு நிற்கும் எதிர்பார்ப்பே வெடியின் பாதி இன்பம். திரி குறுகினால் ஆபத்து. நீண்டால் 'புஸ் ஆயிருச்சு' என்று பிள்ளைகள் கிட்டே போவார்கள், அது இன்னும் ஆபத்து. சரவெடியில் ஒவ்வொரு வெடிக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளிதான் இசை. உடனே பேச வேண்டியது எது, காத்திருந்து பேச வேண்டியது எது என்பதைக் காகிதமும் நூலும் கரிமருந்தும் கொண்டு இவர்கள் தீர்த்து வைத்திருந்தார்கள்.

*

திரையில் இதே கேள்வி எழுந்தது 1972இல். அட்டாரி நிறுவனத்தின் பொறியாளர் ஆலன் அல்கார்ன் 'பாங்' என்ற மேசைப் பந்தாட்டத்தை உருவாக்கினார். இரண்டு மட்டைகள், ஒரு புள்ளி. மட்டையை எட்டுப் பகுதிகளாகப் பிரித்து, பந்து எந்தப் பகுதியில் படுகிறதோ அதற்கேற்பத் திரும்பும் கோணம் மாறும்படி செய்தார். ஆட்டம் நீள நீளப் பந்தின் வேகம் கூடியது. நிறுவனர் நோலன் புஷ்னெல், பந்து தவறாமல் திரும்பினால் கூட்டத்தின் ஆரவாரம் கேட்க வேண்டும் என்றார். அதற்கான உறுப்புகள் சுற்றுப்பலகையில் இல்லை. அல்கார்ன் ஏற்கெனவே சுற்றில் ஓடிக்கொண்டிருந்த அலைகளைத் தேடி, அவற்றிலிருந்து ஒரு 'டக்' ஓசையை எடுத்தார். இல்லாமையிலிருந்து பிறந்த அந்த ஓசைதான் அந்த ஆட்டத்தின் முகவரியாயிற்று. பந்து பட்டதற்கும் ஓசைக்கும் இடையே இடைவெளி இல்லை என்பதே அதன் பெருமை. கேப்புத் துப்பாக்கியின் 'டப்'புக்கு அது ஒன்றுவிட்ட தம்பி.

1978இல் ஜப்பானில் டோமோஹிரோ நிஷிகாடோ உருவாக்கிய 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' ஆட்டத்தில் ஒரு விபத்து அழகாயிற்று. வேற்றுக்கிரகவாசிகளைச் சுட்டு வீழ்த்த வீழ்த்தத் திரையில் வரைய வேண்டியவை குறைந்தன. அதனால் அந்தக் காலத்து மெதுவான செயலிக்கு வேலை குறைந்து, எஞ்சியவை வேகமாக நகரத் தொடங்கின. நிஷிகாடோ அதைக் குறையாகக் கருதித் திருத்தவில்லை. அப்படியே வைத்துக்கொண்டார். வெற்றி நெருங்க நெருங்க நெஞ்சு படபடக்கும் அனுபவம் அப்படித்தான் கிடைத்தது.

சிவகாசியைக் 'குட்டி ஜப்பான்' என்று நேரு அழைத்ததாகச் சொல்வது வழக்கம். அசல் ஜப்பானிலும் இதையொத்த ஒரு கதை உண்டு. கியோட்டோவில் 1889இல் தொடங்கிய நிண்டெண்டோ, அச்சிட்ட சீட்டுக்கட்டு விற்ற நிறுவனம். அச்சும் பொம்மையும் அங்கும் அண்டை வீட்டார்தான். அந்த நிறுவனம் 1970இல் ஒளித் துப்பாக்கிப் பொம்மையைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. விசையை இழுத்தால் ஒளிக்கற்றை பாயும். குறியில் இருக்கும் ஒளியுணர் கலம் அதை உணர்ந்து பொம்மையைச் சிதறச் செய்யும். மருந்தில்லாத கேப்புத் துப்பாக்கி அது. அந்தப் பொம்மையில் பங்களித்த மசாயுகி உயெமுரா பின்னாளில், 1983இல் வெளிவந்த ஃபாமிகாம் என்ற வீட்டு விளையாட்டுக் கருவியை வடிவமைத்தார்.

தொண்ணூறுகளில் நம் ஊர்களுக்கு வந்தவை அந்தக் கருவியின் நகல்கள். கூடவே ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கியும் வாத்து சுடும் ஆட்டமும் வரும். தெருவில் ஒரு வீட்டில் அது இருந்தால் போதும், தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் அங்கே இருப்பார்கள். துப்பாக்கியிலிருந்து ஏதோ கதிர் பாய்ந்து தொலைக்காட்சியைத் தாக்குகிறது என்றே நாங்கள் நம்பினோம். உண்மை அதற்கு நேர்மாறு. விசையை இழுத்த கணத்தில் திரை ஒரு சட்டக நேரம் கறுக்கும். அடுத்த கணம் வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைச் சதுரம் தோன்றும். துப்பாக்கி சுடவில்லை, பார்க்கிறது. அதன் குழலுக்குள் இருக்கும் ஒளியுணரி அந்த வெண்மையைக் கண்டால் வாத்து விழும். இத்தனையும் கண் இமைப்பதற்குள் முடிந்துவிடுவதால், 'நான் சுட்டேன், அது விழுந்தது' என்று மட்டுமே மனம் பதிவு செய்யும். மிஷோட்டின் சதுரங்களைப் போலவே இதுவும் பொய். ஆனால் நேரத்துக்கு வந்த பொய்.

*

பிற்கால வடிவமைப்பாளர்கள் இந்தப் பொய்யை ஒரு கலையாக வளர்த்தெடுத்தார்கள். 1985இன் 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' ஆட்டத்தில் பொத்தானை எவ்வளவு நேரம் அழுத்துகிறோமோ அவ்வளவு உயரம் தாவலாம். தாவிய பிறகு நடு வானில் திசையும் மாற்றலாம். இயற்பியலுக்கு இது அடுக்காது, கைக்கு இதுவே நியாயம். 1996இல் வந்த 'சூப்பர் மாரியோ 64' ஆட்டத்துக்கு, மேடைகளை உருவாக்கும் முன்பே, எளிய ஓரிடத்தில் மாரியோவை ஓடவும் முயலைத் துரத்தவும் விட்டு, அந்த அசைவே இன்பமாகும்வரை மியாமோட்டோ குழுவினர் திருத்திக்கொண்டிருந்தார்கள். சண்டை ஆட்டங்களில் குத்து விழுந்த கணத்தில் இருவரும் சில சட்டகங்கள் உறைந்து நிற்பார்கள். அந்த உறைதல்தான் குத்துக்கு எடையைத் தருகிறது. மருமகன் 'பட்ட மாதிரி தெரியல' என்று குறைப்பட்டுக்கொண்டானே, அந்த ஆட்டத்தில் இல்லாதது இதுதான்.

2012இல் மார்ட்டின் யோனாசன், பெட்ரி புர்ஹோ என்ற இருவர் ஒரு மேடையில் செங்கல் உடைக்கும் பழைய ஆட்டமொன்றை எடுத்துக்கொண்டார்கள். விதிகளில் ஒன்றையும் மாற்றவில்லை. செங்கல் உடைந்தால் சில்லுகள் பறந்தன, பந்து பட்டால் நசுங்கி நிமிர்ந்தது, திரை அதிர்ந்தது, ஓசை ஏறியது. பதினைந்தே நிமிடத்தில் உயிரற்ற ஓர் ஆட்டம் கொண்டாட்டமாகிவிட்டது. ஆங்கிலத்தில் அவர்கள் இதற்கு வைத்த பெயர் 'சாறு'. நம் ஊரில் பட்டாசு என்போம். அடுத்த ஆண்டு யான் வில்லெம் நைமன் திரையை அதிரவைப்பதன் கலை பற்றி ஆற்றிய உரையும் புகழ்பெற்றது. கவனித்துப் பார்த்தால் இவர்கள் அடுக்கிய உத்திகள் அத்தனையும் ஒளி, ஓசை, அதிர்வு, புகை, பொறி. சிவகாசியின் விலைப்பட்டியலே அது.

ஆனால் ஓர் உத்தி மட்டும் அந்த விலைப்பட்டியலில் இல்லை. மலைமுகட்டிலிருந்து ஓடிக் குதிக்கும் ஆட்டங்களில், ஆடுபவர் விளிம்பைத் தாண்டிச் சற்றுத் தாமதமாகப் பொத்தானை அழுத்தியிருப்பார். கணக்குப்படி அவர் காலடியில் தரை இல்லை, விழ வேண்டியதுதான். நல்ல ஆட்டங்கள் அவரை விழவிடுவதில்லை. சில சட்டகங்கள்வரை 'இன்னும் தரையில்தான் இருக்கிறாய்' என்று வைத்துக்கொண்டு தாவவிடுகின்றன. கேலிச்சித்திரப் படத்தில் வெறும் காற்றில் சில நொடி நடக்கும் ஓநாயின் பெயரால் இதை அழைக்கிறார்கள். அதுபோலவே தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே அழுத்திவிட்டாலும் நினைவில் வைத்திருந்து, தொட்டவுடன் தாவவைக்கும். 2018இல் வந்த 'செலஸ்டி' இத்தகைய சலுகைகள் நிறைந்த ஆட்டம். ஆடுபவர் செய்த பிழையைத் தள்ளி, செய்ய நினைத்ததை ஏற்றுக்கொள்கிறார்கள். அவருக்கு அது தெரியவும் தெரியாது. 'இந்த ஆட்டம் என் கைக்கு நன்றாகப் படிகிறது' என்று மட்டும் தோன்றும்.

விளையாட்டு வடிவமைப்பின் ஐம்பதாண்டு வரலாற்றில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இந்த மன்னிப்புதான். ஏனென்றால் மருந்துக்கு மன்னிக்கத் தெரியாது.

*

தீக்குச்சி இரண்டு பொருட்களைப் பிரித்து வைத்தது என்று முன்னால் சொன்னேன். கேப் அவற்றை மீண்டும் ஒன்றாகச் சேர்க்கிறது. பொட்டாசியம் குளோரேட்டும் சிவப்பு பாஸ்பரஸும் ஒரே பொட்டில். அதனால்தான் குழந்தையின் விரல் வலுவே போதுமானதாக இருக்கிறது. ஈரமாக இருக்கும்வரை அந்தக் கலவை சாது. உலர்ந்தபின் அதற்கு ஓர் உராய்வு போதும். குழந்தைக்கு எளிதாகப் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காக அவ்வளவு கூர்மையாக்கப்பட்ட பொருள், யார் தொட்டாலும் அதே பதிலைச் சொல்லும். வேண்டுமென்று தொட்டதா, தவறித் தொட்டதா என்று அது பார்ப்பதில்லை.

1992 ஜனவரியில் மத்திய அரசு ஓர் அறிவிக்கை வெளியிட்டது. குளோரேட்டுகளோடு கந்தகம் சேர்ந்த வெடிபொருட்களைத் தயாரிப்பதும் வைத்திருப்பதும் இறக்குமதி செய்வதும் தடை செய்யப்பட்டன. இந்தச் சேர்க்கை எவ்வளவு எளிதில் சினக்கும் என்பது அரசுக்குத் தெரிந்திருந்தது. தடைக்குச் சில விலக்குகளும் தரப்பட்டன. அறிவியல் ஆய்வுக்கான சிறு அளவு ஒன்று. தீக்குச்சித் தலை ஒன்று. பொம்மைத் துப்பாக்கிக்கான காகிதக் கேப் ஒன்று. ஓர் அரசு தன் வெடிபொருள் சட்டத்துக்குள் குழந்தையின் விளையாட்டுத் துப்பாக்கிக்கு இடம் ஒதுக்கிய வரி அது. அதைப் படித்தபோது எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை.

இந்த வட்டாரத்தில் விபத்துச் செய்தி எழுதும் நிருபர்களுக்கு ஒரு தொடர் மனப்பாடம்: 'மருந்துக் கலவையில் உராய்வு ஏற்பட்டு'. 1991 ஜூலையில் மீனம்பட்டி. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டி. அங்கு இறந்தவர்கள் 38 பேருக்குக் குறையாது, உதவ ஓடியவர்களும் அவர்களில் உண்டு. 2021 பிப்ரவரியில் அச்சங்குளம். பெரிய விபத்துகளின் பெயர்கள் இவை. ஊர்ப்பெயர் நாளிதழின் உட்பக்கத்தோடு நின்றுவிட்டவை இன்னும் அதிகம். அறைக்கு இத்தனை பேர் என்ற கணக்கு, இரும்புக் கருவி கூடாது, காலணி கூடாது, அறைகளுக்கு இடையே வெளி, வெயில் ஏறும் முன் கலவை வேலை முடிய வேண்டும் என்ற ஒழுங்கு ஆகிய அத்தனையும், மன்னிக்காத ஒரு பொருளைச் சுற்றி மனிதர்கள் கட்டிய மன்னிப்பு வேலிகள். கூடுதல் ஆளை உட்காரவைக்கும்போதும், மரத்தடியில் கலக்கும்போதும், உரிமத்தை உள்குத்தகைக்கு விடும்போதும் அந்த வேலி சரிகிறது.

குழந்தைகள் விளையாடும் பொருளைக் குழந்தைகளே செய்த காலமும் உண்டு. 1985 டிசம்பர் இறுதியில் சிவகாசி வட்டாரத்தில் பதிவுபெற்ற 221 தீப்பெட்டி ஆலைகளில் 27,338 தொழிலாளர்கள் இருந்தார்கள், அவர்களில் 2,941 பேர் குழந்தைகள் என்ற கணக்கு எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டது. பின்னர் இந்த வட்டாரத்துப் பட்டாசு ஆலை விபத்து ஒன்றின் செய்தி கண்டு நீதிமன்றம் தானாகவே முன்வந்து விசாரித்தது. 1996 டிசம்பர் 10 அன்று வந்த தீர்ப்பு, அபாயத் தொழிலில் அமர்த்தப்பட்ட ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நிதியத்தில் செலுத்த வேண்டும் என்றது. அந்தக் காலத்தில், காலை இருட்டில் ஆலைப் பேருந்துக்குக் காத்திருந்த பத்து வயதுப் பெண்ணும், மதுரையிலோ மும்பையிலோ தகரத் துப்பாக்கியை நீட்டிய பத்து வயதுப் பையனும் ஒரே தொழிலின் இரு முனைகளில் நின்றார்கள். பையன் கேட்ட 'டப்' உடனே வந்தது. அதற்கான நேரத்தைப் பெண் முன்கூட்டியே செலுத்தியிருந்தாள்.

பதிலின் உரத்துக்கும் சட்டம் எல்லை வகுத்தது. 1999இன் விதி, வெடிக்கும் இடத்திலிருந்து நான்கு மீட்டர் தொலைவில் 125 டெசிபலுக்கு மேல் கூடாது என்றது. 2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடுத்து, மாசு குறைந்த பட்டாசுகளை மட்டும் அனுமதித்து, நேரத்தையும் இரண்டு மணிக்குக் குறைத்தது. தமிழ்நாட்டில் அது காலை ஒரு மணி, மாலை ஒரு மணி எனப் பிரிந்தது. அதன்பின் சிவகாசி ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததையும், கூலி இல்லாமல் குடும்பங்கள் தவித்ததையும் மறந்துவிட முடியாது. பச்சை நிறத்துக்குப் பேரியம் தேவை. அது இல்லாமல் வானம் முன்போல் பதில் சொல்வதில்லை என்று வியாபாரிகள் சொல்வதும் உண்மையே. மூச்சுத் திணறும் நகரங்கள் சொல்வதும் உண்மையே.

அப்படியானால் மருந்தில்லாத துப்பாக்கியான திரை விளையாட்டே மேல் என்று முடித்துவிடலாமா? அதுவும் அவ்வளவு எளிதாக இல்லை. இந்தத் தொட்டுணர்வுக் கலையை இணையச் சூதாட்டக்காரர்களும் கற்றுக்கொண்டார்கள். சீட்டு விரியும் ஓசை, காசு கொட்டும் ஒளி, தோற்றாலும் வென்றதுபோல் மின்னும் திரை. கடன்பட்டு உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்திகள் தொடர்ந்து வந்த பிறகே, தமிழ்நாடு அரசு 2022இல் இணையச் சூதாட்டத்துக்கு எதிரான சட்டத்தை இயற்றியது. 2025 ஆகஸ்டில் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை மத்திய அரசும் சட்டத்தால் தடுத்தது. அங்கே உராய்வே இல்லை என்பதுதான் ஆபத்து. விரல் தொட்டவுடன் பதில், பதிலைத் தொடர்ந்து இழப்பு. நடுவே நின்று யோசிக்க ஒரு திரி நீளம்கூட இல்லை.

ஆகவே கேள்வி, பதில் எவ்வளவு இனிமையாக, எவ்வளவு விரைவாக வருகிறது என்பதோடு முடிவதில்லை. அந்தப் பொருள் நம் கை தவறும்போது என்ன செய்கிறது என்பதும் அதே வடிவமைப்பின் பகுதிதான். பாஷின் தீக்குச்சி அதைச் செய்தது. விளிம்பு தாண்டியவனைத் தாவவிடும் ஆட்டம் அதைச் செய்கிறது. கேப்பும் சூதாட்டச் செயலியும் செய்வதில்லை.

*

அன்று மாலை பக்கத்து வீட்டு மதினி வந்திருந்தார். ஐம்பதைத் தாண்டியவர். சிறு வயதில் சிவகாசிப் பக்கம் கேப் ஒட்டும் வேலைக்குப் போனவர். மருமகன் மீதமிருந்த சுருளைத் துப்பாக்கியில் போட்டு அவர் அருகே 'டப்' என்று அடித்தான். வாசலில் இருந்த எல்லாரும் சிரித்தோம். மதினியும் சிரித்தார், ஆனால் ஓசை வருவதற்கு முன்பே அவருடைய இரண்டு கைகளும் மடியிலிருந்து விலகிப் பின்னால் போய்விட்டன.

"இன்னும் போகல மதினி" என்றேன்.

"எங்க போகும்? கைய வேகமா இழுக்காத, தேய்க்காத, கீழ போடாதன்னே வளத்தாங்க. வீட்டுல சட்டி கழுவுனாக்கூட மெதுவாத்தான் வப்பேன். எங்க மாமியா என்னைய மந்தம்னு நெனைச்சுக்கிட்டு இருந்துச்சு" என்றார்.

மருமகன் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு துப்பாக்கியைத் திண்ணையில் வைத்துவிட்டுக் கைபேசியை எடுத்து, காலையில் அழித்த விளையாட்டைப் பற்றி மதினியிடம் விளக்கத் தொடங்கினான். அவரும் பொத்தானை அழுத்திப் பார்த்தார், மிக மெதுவாக, விரல் நுனியால்.